சரணம் சொன்னது யார்

கார்த்திகை ஒன்றாம் தேதி காலையில் என் புருஷன் காணாமல் போய்விடுவார். அவர் உட்காரும் நாற்காலியில் ஒரு சாமி உட்கார்ந்திருக்கும். கறுப்பு வேட்டி, கழுத்தில் துளசிமணி மாலை, நெற்றியில் சந்தனம். முந்தின நாள் வரை "ஏ முத்துப்பேச்சி, எங்கடி என் சட்டை" என்று தெருமுனைக்குக் கேட்கக் கத்திய அதே வாய், "மாளிகைபுரம், கொஞ்சம் காப்பி கெடைக்குமா" என்று கேட்கும். மாலை போட்டவர்கள் பெண்களை அப்படித்தான் கூப்பிட வேண்டுமாம். செருப்புப் போடக் கூடாது, கவிச்சி தொடக் கூடாது, கோபப்படக் கூடாது. கோபத்தைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு அவர் பஜனைக்குப் போய்விடுவார். அது வீணாகப் போக வேண்டாமே என்று நான் எடுத்து உபயோகித்துக்கொள்வேன்.

அவர் பெயர் உக்கிரபாண்டி. குட்டியானை வண்டி வைத்து லோடு அடிக்கிறார். எங்கள் பாலவனத்தத்து ஐயப்ப பஜனைக் குழுவில் அவருக்கு டோலக். அதே குழுவில் முன்பாட்டு பாடுகிறவர் என் கூடப்பிறந்த அண்ணன் முனீஸ்வரன். அருப்புக்கோட்டையில் நூல் மில்லில் வேலை, இரண்டு தெரு தள்ளி வீடு. அண்ணன் ஒரு அடி பாடுவார், மற்ற சாமிகள் அதைத் திருப்பிப் பாடும், என் புருஷன் நடுவில் உட்கார்ந்து தட்டுவார். கேட்கிறவர்களுக்கு மாமன் மச்சான் சேர்ந்து தெய்வ காரியம் செய்கிறார்கள் என்று புல்லரிக்கும். இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

நாலு வருஷத்துக்கு முன்னால் காரியாபட்டியில் ஒரு பெரிய வீட்டுப் பஜனை. நல்ல கூட்டம். என் புருஷனுக்கு ஒரு குணம், ரோடு காலியாக இருந்தால் வண்டியை மிதிப்பார், கூட்டம் நிறைய இருந்தால் டோலக்கை மிதிப்பார். மலையேறும் பாட்டில் வேகம் கூடிக்கொண்டே போனது. பின்னால் பாடுகிறவர்கள் பாதி அடியைத் தின்றுவிட்டுத் தப்பித்துக்கொண்டார்கள். முன்பாட்டுக்காரன் எங்கே போவான்? அண்ணனுக்கு மூச்சு முட்டி, மைக்கிலேயே இருமல் வந்து, இருமலையும் பின்பாட்டுக்காரர்களில் இரண்டு பேர் பழக்கத்தில் திருப்பிச் சொல்லிவிட்டார்கள். யாரோ அதை செல்போனில் எடுத்து, மறுநாள் மில்லில் ஷிப்டுக்கு ஷிப்டு ஓடியது.

"இது ஒங்க லோடு வண்டியில்ல, மிதிக்கிறதுக்கு" என்றார் அண்ணன்.

"மூச்சில்லாதவுகளுக்கு முன்பாட்டு எதுக்கு" என்றார் இவர்.

அவ்வளவுதான். கொள்வினை கொடுப்பினை, நல்லது பொல்லாதது எல்லாம் அதோடு நின்றது. என் வீட்டில் அண்ணன் கை நனைப்பதில்லை, அண்ணன் வீட்டில் இவர் கை நனைப்பதில்லை. ஆனால் குழுவை விட்டு இருவரும் போகவில்லை. ஊரில் இருப்பது ஒரே குழு, ஒரே டோலக். அதிலும் மாலை போட்ட சாமி இன்னொரு சாமியோடு பேசாமல் இருக்கக் கூடாது என்று விதி. அதனால் கார்த்திகை பிறந்தால் இருவரும் பேசுவார்கள். "சாமி, கொஞ்சம் நிதானமா அடிங்க சாமி." "சரிங்க சாமி, நீங்க பாடுங்க சாமி." சம்பந்தி வீட்டில்கூட அவ்வளவு மரியாதை கிடைக்காது. மலைக்கு ஒரே வேனில் போய், ஒரே வேனில் வந்து, தை பிறந்ததும் மாலையைக் கழற்றுவார்கள். கழற்றிய நிமிஷத்தில் இருந்து ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்கள். பகையை இவ்வளவு ஒழுங்காக நடத்துகிற குடும்பம் இந்த வட்டாரத்தில் வேறு இல்லை.

போகட்டும் என்றுதான் நானும் இருந்தேன். இந்த வருஷம் என் மகள் யுவராணிக்குக் கல்யாணம் கூடி வந்தது. மாப்பிள்ளை காரியாபட்டி. தை மாதக் கடைசியில் முகூர்த்தம், அருப்புக்கோட்டையில் மண்டபம். எங்களில் தாய்மாமன்தான் பெண்ணின் கழுத்தில் மாலையைப் போட்டு, கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டி வர வேண்டும். எனக்கு அப்பா இல்லை, அம்மா இல்லை. பிறந்த வீடு என்று இருப்பது அந்த ஒரு ஆள். அவர் இல்லாமல் என் மகள் மேடை ஏறினால், எனக்கு நாதியில்லை என்று நானே ஊரைக் கூட்டிச் சொன்ன மாதிரி.

இவரிடம் கேட்டேன். "தாம்பூலத் தட்டோட அண்ணன் வீட்டுக்குப் போயிட்டு வந்துருவமா?"

"மாளிகைபுரம், மாலை போட்டிருக்கேன். இப்பப் போய்க் கூப்பிட்டா, சாமி கூப்பிட்டதா ஆகுமே தவிர நான் கூப்பிட்டதா ஆகாது."

"அப்ப மாலையக் கழட்டுனதும் போவோம்."

"கழட்டிட்டா எனக்கும் அவுகளுக்கும் பேச்சில்லையே."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. கோபப்படக் கூடாதே. பஸ்ஸு எத்தனை மணிக்கு என்று கேட்டால் சொல்வது போலச் சொன்னார். நான் கையிலிருந்த கரண்டியைப் பார்த்தேன். சாமியை அடித்தால் பாவம் என்று கீழே வைத்துவிட்டேன்.

தனியாகத் தட்டை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனேன். அண்ணன் மில்லுக்குப் போயிருந்தார். மதினி மாரிக்கனி தட்டை வாங்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, "நீ வந்தது எனக்கு சந்தோசந்தான் தாயி. ஆனா அவுக சொல்லிட்டாக. புருசன் பொண்டாட்டி சோடியா வந்து முறையாக் கூப்பிட்டா தாய்மாமன் வருவான், இல்லன்னா வரமாட்டான்னு" என்றாள். எனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று தெருவையும் ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொண்டாள், பாவம்.

வீட்டுக்கு வந்தால், என் புருஷன் மாற்று ஏற்பாடு செய்து முடித்திருந்தார். என் சித்தப்பா மகன் சதீஸ்குமாரைத் தாய்மாமனாக நிறுத்தலாமாம். அவனும் முறைக்கு எனக்குத் தம்பிதானாம். அவன் என் மகளைவிட ஒரு வயது சின்னவன். "வண்டிக்கு ஒரு ஸ்டெப்னி வேணும்ல" என்றார். அன்றைக்கு அவருக்குக் காப்பி கிடைக்கவில்லை.

அப்புறம்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. மாலை போட்ட சாமியைப் பஜனைக்கு அழைத்தால் வர மாட்டேன் என்று சொல்லக் கூடாது. அன்னதானத்தில் சாப்பிட மாட்டேன் என்றும் சொல்லக் கூடாது. எங்கள் வீட்டில் பஜனை வைத்தால் அண்ணன் வந்தே தீர வேண்டும். இவரிடம், மகள் கல்யாணம் நல்லபடியாக நடக்க வேண்டிக்கொண்டேன், ஒரு பஜனை வைக்கணும் என்றேன். தெய்வ காரியத்துக்கு மறுப்புச் சொல்ல அவருக்கும் விதியில்லை.

மார்கழியில் ஒரு சாயங்காலம். வாசலில் பந்தல், கூடத்தில் ஐயப்பன் படம், படத்துக்கு முன்னால் வாழைத்தண்டு நிறுத்திப் படி கட்டி விளக்கு ஏற்றினார்கள். சாமிகள் வரிசையாக வந்தார்கள். வீட்டுக்காரப் பொம்பளை வாசலில் நின்று ஒவ்வொரு சாமிக்கும் கால் கழுவி, மஞ்சள் குங்குமம் வைக்க வேண்டும். அண்ணன் வந்து நின்றார். நாலு வருஷத்துக்குப் பிறகு என் வாசலில். முகத்தை உயர்த்தி, பந்தலில் எத்தனை கீற்று என்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் காலைப் பார்த்தேன். புறங்காலில் அந்தத் தீத்தழும்பு அப்படியே இருந்தது. எங்கள் அப்பா போன பிறகு, திருச்சுழிப் பக்கம் விறகை எரித்துக் கரிமூட்டம் போடப் போய் வாங்கி வந்த தழும்பு. அந்தக் கூலியில்தான் நான் பத்தாவது வரை படித்தேன். ஒரு செம்பு போதும், இரண்டு செம்பு ஊற்றிவிட்டேன்.

"போதும் மாளிகைபுரம்" என்றார், பந்தலைப் பார்த்தபடியே.

பஜனை ஆரம்பித்தது. எங்கள் குருசாமி தங்கமாரி, பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ரிட்டையர் ஆனவர். எல்லாரும் உட்கார்ந்த பிறகும், "உள்ள போ, உள்ள போ, நடுவுல எடம் கெடக்கு" என்று நகர்த்துவார். பாட்டெல்லாம் முடிந்து கடைசியில் சரணம் சொல்லும்போது அவர் குரல்தான். அவர் ஐயப்பனின் ஒரு பெயரைச் சொல்வார், கூட்டம் "சரணம் ஐயப்பா" என்று முழங்கும். சொல்லிச் சொல்லி நாக்குத் தானாக ஓடும். ஒரு தடவை அவர் மைக்கில், "வாசல்ல நிக்கிற பைக்க எடுங்க, வழி மறிக்குது" என்றதற்கும் கூட்டம் "சரணம் ஐயப்பா" என்றது. பைக்கை யாரும் எடுக்கவில்லை.

சரணம் முடிகிற இடத்தில் எங்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. பஜனை வைத்த வீட்டுக்காரர்கள் தங்கள் வேண்டுதலைக் குருசாமி காதில் சொல்ல வேண்டும். அவர் அதை மைக்கில் சொல்வார். "போர்ல தண்ணி வரணும்." சரணம் ஐயப்பா. "மகனுக்கு வேல கெடைக்கணும்." சரணம் ஐயப்பா. அத்தனை சாமிகளும் சேர்ந்து கேட்டால் பலிக்கும் என்று நம்பிக்கை.

குருசாமி என்னைப் பார்த்துக் காதைச் சாய்த்தார். நான் போய்ச் சொன்னேன். அவர் நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தார், என் புருஷனைப் பார்த்தார், மைக்கை என் கையில் கொடுத்துவிட்டார்.

"நீயே சொல்லு மாளிகைபுரம். நான் இவுக ரெண்டு பேரோடயும் ஒரே வேன்ல போகணும்."

எனக்கு மைக் பிடித்துப் பழக்கமில்லை. கோபமும் துக்கமும் ஒன்றாக வந்ததில் குரல் என்னவோ கணீரென்றுதான் வந்தது.

"எம்மக கல்யாணத்துக்கு எங்கண்ணன் வந்து நிக்கணும்."

"சரணம் ஐயப்பா!"

வீடு அதிர்ந்தது. எல்லாரையும்விட உரக்கச் சொன்னது முன்பாட்டுக்கார அண்ணன். என் புருஷனும் சொன்னார், அவர் கை தானாகவே டோலக்கில் ஒரு போடு போட்டது. அப்புறம்தான் சொன்னது என்னவென்று இருவருக்கும் உறைத்தது. கற்பூரம் எரிகிற சத்தம் கேட்டது.

"பழக்கத்துல வந்திருச்சு சாமி" என்றார் என் புருஷன், குருசாமியிடம்.

"பழக்கத்துல வந்தாலும் சரணம் சரணந்தான் சாமி. கிழிச்ச டிக்கெட்ட ஒட்ட முடியாது" என்றார் குருசாமி.

அண்ணன் இலையில் உட்கார்ந்து, நான் வைத்த பொங்கலையும் சாம்பாரையும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். மறுசோறு கேட்பாரோ என்று பக்கத்திலேயே நின்றேன், கேட்கவில்லை. கிளம்பும்போது வாசலில் நின்று, என்னிடம் சொல்கிற மாதிரி பந்தக்காலிடம் சொன்னார்.

"சரணம் சொன்னது சாமி. முனீஸ்வரன் சொல்லல."

போய்விட்டார். என் புருஷன் டோலக்குக்கு உறை மாட்டியபடி, "நாஞ் சொன்னதத்தான் அவுகளும் சொல்றாக" என்றார். நாலு வருஷத்தில் இருவரும் ஒத்துப்போன ஒரே விஷயம் அது.

அதோடும் முடியவில்லை. மார்கழிக் கடைசியில் வேன் மலைக்குக் கிளம்பியபோது அண்ணன் ஏறவில்லை. ஜோதி பார்க்காமல் ஒரு வருஷமும் இருந்ததில்லை அவர். இருமுடி கட்டக்கூட வரவில்லை. மாசி மாதம் நடை திறக்கும்போது தனியாகப் போய்க்கொள்கிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். உக்கிரபாண்டியோடு ஒரே வண்டியில் ஏற மாட்டேன் என்கிற அளவுக்கு முற்றிவிட்டது என்று ஊரே பேசியது. என்னால்தான் என்று நானும் நினைத்தேன். மைக்கைப் பிடித்து நாலு பேர் முன்னால் அவரை மடக்கினேன், சாமிகளாக இருவரும் பேசிவந்த பேச்சும் போச்சு. அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்ததும் ஆத்திரம் வந்தது. வராவிட்டால் போகட்டும், தழும்புக்கால்காரருக்கே இவ்வளவு வீம்பு இருந்தால் அவர் தங்கச்சிக்கு இருக்காதா என்று எழுந்து, சதீஸ்குமாருக்குப் பட்டு வேட்டி எடுக்கச் சொன்னேன்.

தை பிறந்தது. என் புருஷன் மலையிறங்கி வந்து மாலையைக் கழற்றினார். "எங்கடி என் செருப்பு" என்று கத்தினார். வீடு பழைய நிலைக்கு வந்தது.

கல்யாணத்தன்று மண்டபத்தில் சதீஸ்குமார் பட்டு வேட்டி நழுவாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையில் பெண்ணுக்குப் போட வேண்டிய மாலையோடு நின்றான். வேர்வையில் மாலை நனைந்துவிடும் போலிருந்தது. யுவராணி என்னைப் பார்த்தாள். அப்புறம் வாசலைப் பார்த்தாள். ஐயர் "பொண்ண அழைச்சிட்டு வாங்கோ" என்றார்.

வாசல் பக்கம் சலசலப்பு. நாற்காலிகள் வரிசையாகப் பின்னால் நகர்ந்தன. மாலை போட்ட சாமி வந்தால் உட்கார்ந்திருக்கிறவர்கள் எழுந்திருப்பது வழக்கம். கறுப்பு வேட்டி, கழுத்தில் துளசிமணி, வெறுங்கால். கையில் சீர்த்தட்டு. பின்னால் மதினி மாரிக்கனி, இன்னும் இரண்டு தட்டோடு. என் அண்ணன் முகத்தில் மூன்று மாதத் தாடி.

மாப்பிள்ளை வீட்டில் ஒரு அத்தை, "நல்ல காரியத்துல கருப்பு வேட்டியா" என்று ஆரம்பித்தாள்.

"அது கருப்பில்லம்மா, ஐயப்பன் கலரு" என்றார் முன் வரிசையில் இருந்த குருசாமி. அந்த அம்மாள் உட்கார்ந்துவிட்டாள்.

வரவேற்பில் நின்றது என் புருஷன். எதிரே சாமி வந்து நிற்கிறது. கழுத்தில் மாலை இல்லாத ஆளுக்குச் சாமியோடு பகை கொள்ள வழியில்லை. கை தானாகக் குவிந்தது. "வாங்க சாமி" என்றார்.

அண்ணன் தட்டை என்னிடம் நீட்டினார். நான் வாங்காமல் நின்றேன்.

"மலைக்கு ஏண்ணே போகல?"

"போயிட்டு வந்தா மாலையக் கழட்டணும்ல. அன்னைக்கு சரணம் சொன்னது சாமி. சொன்னபடி சாமி வந்திருக்கு" என்றார். கொஞ்சம் நிறுத்தி, என் புருஷன் காதில் விழுகிற மாதிரி, "முனீஸ்வரன இன்னும் யாரும் கூப்பிடல" என்றார்.

இந்த ஒரு நாளுக்காகத் தை முழுக்க விடிகாலைப் பச்சைத் தண்ணீரில் குளித்திருக்கிறார். பொங்கலுக்குப் பிறகு ஊரே கறி தின்றபோது அவர் ஒருவேளைச் சோறு. வெறுங்காலோடு மில்லுக்குப் போயிருக்கிறார், சீமைக்கருவை முள்ளுப் பாதையில். ஜோதியை விட்டிருக்கிறார். வீம்பை மட்டும் விடவில்லை. எனக்கு அவரை அடிக்கவும் தோன்றியது, காலில் விழவும் தோன்றியது. சாமியாக இருந்ததால் காலில் விழுந்தேன்.

சதீஸ்குமார் மாலையை அவர் கையில் கொடுத்துவிட்டு, விட்டது தொல்லை என்று பந்தி பக்கம் போனான். அண்ணன் என் மகள் கழுத்தில் மாலையைப் போட்டார். கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டிப் போனார். யுவராணி மேடைக்குப் போகும் வரை மாமன் கையை விடவில்லை. படம் பிடிக்கிறவன், சாமியைக் கொஞ்சம் சிரிக்கச் சொன்னான். சாமி சிரிக்கவில்லை. கண்ணைத் துடைத்தது.

தாலி கட்டி முடிந்தது. பந்தியில் சாமிக்குத் தனி இலை போட்டு நானே பரிமாறினேன். சாப்பிட்டுக் கை கழுவி, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மண்டபத்து வாசலுக்கு நடந்தார். அவ்வளவுதான், கொடுத்த சொல் முடிந்தது. மாசி பிறந்து மலைக்குப் போய்க் கழற்றிவிட்டால், அடுத்த கார்த்திகை வரை மறுபடியும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போக வேண்டியதுதான். நான் படியருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் புருஷன் பந்தியில் இருந்து வேகமாக வந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். யார் முன்னாலும் அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

"சாமி சாப்பிட்டாச்சு" என்றார். "எம் மச்சான் எப்ப சாப்பிட வருவாரு?"

அண்ணன் திரும்பினார். "மாசி பொறந்து மலைக்குப் போறேன். எறங்குனதும் ஒங்க மச்சான் வந்துருவாரு."

"எறங்குனதும் வீட்டுக்கு வரச் சொல்லுங்க."

"நா யாரு சொல்றதுக்கு? அவுகளக் கூப்பிட வேண்டியவுக கூப்பிடணும்."

என் புருஷன் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் இறங்கிப் போய் அவர் பக்கத்தில் நின்றேன். சோடியாக. கையில் தாம்பூலத் தட்டு இல்லை. பந்திக்கு வைத்திருந்த வெற்றிலைத் தட்டில் இருந்து ஒரு கை வெற்றிலையும் பாக்கும் அள்ளி, அவர் இரண்டு கையாலும் நீட்டினார்.

"மச்சான், வீட்டுக்கு வாங்க."

அண்ணன் வெற்றிலையைப் பார்த்தார். கழுத்து மாலையை ஒரு கையால் சட்டைக்குள்ளே தள்ளினார். பிறகு வாங்கிக்கொண்டார்.

"வாரேன் மாப்ள" என்றார்.

நான் அங்கேயே நின்று அழுதேன். மகளை அனுப்புகிற தாய் அழத்தான் செய்வாள் என்று மாப்பிள்ளை வீட்டு அத்தை வந்து என் தோளைத் தட்டிக்கொடுத்தாள். அதற்கும் சேர்த்துத்தான் அழுதேன்.